குரல் கொடுத்தவர்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நான் பேய், பிசாசு என்று பயந்து நடுங்குகிற ஆள் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கண் என்னென்ன பொய் சொல்லும் என்பது எனக்கு அத்துப்படி. கொடியில் காயும் சட்டை ஆள் மாதிரி நிற்கும். ஓரக்கண்ணில் நிழல் ஓடும். "ஏதோ தெரியுதும்மா, பயமா இருக்கு" என்று கடைக்கு வருகிறவர்களுக்கு கண்ணாடியின் பவரை மாற்றிக் கொடுத்தால் போதும், நிழல் போய்விடும்.

ஆனால் இது கண்ணால் பார்த்தது இல்லை. காதால் கேட்டது. அதுவும் நான் மட்டும் இல்லை. மூன்று பேர் கேட்டோம்.

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வண்டி தெருமுனை திரும்பும்போதே "பிரேக்கு! பிரேக்கு!" என்று அவர் கத்துவது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் நான் டீக்கு அடுப்புப் பற்றவைப்பேன். அப்பேர்ப்பட்ட தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு சின்ன ஓட்டை. மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. கத்த முடியாது, முனகக்கூட முடியாது. தும்மினால் வெறும் காற்றுதான் வரும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். எழுதிக் காட்டுங்கள் என்று சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். அதைத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொண்டு அதன் மேலேயே படுத்தார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவர்தான் எங்கள் நிலைமையைப் பார்த்து ஒருநாள் வீட்டுக்கே வந்தார். கூடத்து மூலையில் கிடந்த எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தார். தமிழில் டைப் பண்ணினால் கம்ப்யூட்டர் அதைப் பேசும். ஆம்பளைக் குரல். கொஞ்சம் கரகரப்பு. ரொம்ப நிதானம். ஒவ்வொரு வார்த்தையின் கடைசி எழுத்தையும் லேசாக விழுங்கிவிடும்.

என் வீட்டுக்காரர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி முதலில் பேசியது இதுதான்.

"இந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது மேடம். எவ்வளவு நிம்மதியாப் பேசறான் பாரு."

வண்டி கற்றுக்கொள்ள வருகிற பெண்களை மேடம், மேடம் என்று கூப்பிட்டுப் பழகியவர். வீட்டில் எனக்கும் அதே பெயர்தான். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார், சத்தமே இல்லாமல். அன்றிலிருந்து அவர் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் வைரஸ் வந்தது.

கொண்டுவந்தது என் தம்பி. கூரியர் ஆபீசில் வேலை. ஆபீசில் எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு ரீஸ்டார்ட் என்றே பெயர் வந்துவிட்டது. மாமாவுக்குப் பொழுது போகட்டும் என்று எங்கிருந்தோ பழைய பாட்டுகளை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தான். பாட்டு பாதிதான் பாடியது. வைரஸ் முழுசாக வந்துவிட்டது.

புதன்கிழமை கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகர்ந்தது. சூதாட்ட விளம்பரங்கள் தானாகத் திறந்தன. மூடினால் இரண்டாகத் திறந்தன. உள்ளே இருக்கும் ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். கை ஈரம். வர்றேன்" என்றேன்.

"யாராவது இருக்கீங்களா?"

என்ன அவசரம் என்று முனகிக்கொண்டே போனேன். நாற்காலி காலி. கம்ப்யூட்டர் திரையில் ஒரு எழுத்தும் இல்லை. என் வீட்டுக்காரர் உள்ளறையில் கண்ணாடி முன்னால் நின்று கழுத்து ஓட்டையை மூடும் துணியை மாற்றிக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார்.

அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விளம்பரம் தானாகத் திறக்கிறது, பேச்சும் தானாக வருகிறது. வைரஸ் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பாத்திரத்துக்குத் திரும்பினேன்.

ராத்திரி இரண்டே கால். தூக்கத்தில் காதில் விழுந்தது.

"தண்ணி…"

அவர் எழுந்து கூடத்துக்குப் போயிருக்கிறார், டைப் பண்ணிக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சமையலறைக்குப் போய் டம்ளரில் தண்ணீர் பிடித்தேன். கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

கூடம் இருட்டு. திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. நான் அணைத்துவிட்டுப் போன திரை.

நாற்காலியில் யாரும் இல்லை.

"தண்ணி… கொஞ்சம்…"

என் கைக்கு எட்டுகிற தூரத்தில், ஸ்பீக்கரில் இருந்து. படுக்கையறைக் கதவு வழியாகப் பார்த்தேன். அவர் கட்டிலில், நான் விட்டு வந்த இடத்திலேயே, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்துத் துணி மூச்சுக்கு ஏறி இறங்கியது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைக்குப் போகும் வழியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரரிடம் கேட்டேன். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாத்தான் சரியாகும்" என்றார். பேசும் புரோகிராம் திரும்ப வருமா என்று கேட்டேன். "அது யார் போட்டாங்களோ அவங்களைத்தான் கேக்கணும்" என்றார். அவர் கேட்ட கூலியைக் கொடுக்கிற நிலைமையிலும் நாங்கள் இல்லை. பேச்சுப் பயிற்சி அம்மாவுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டால் லீவு என்றார்கள். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அழித்தால் என் வீட்டுக்காரருக்கு இரண்டாவது முறையாகக் குரல் போய்விடும். அழிக்காமல் சுத்தம் பண்ண வேண்டும். காசும் செலவாகக் கூடாது.

"கவலைப்படாதக்கா. ஓசியிலயே முடிச்சிடலாம்" என்றான் தம்பி. வைரஸைக் கொண்டுவந்தவன் அவன்தானே, அந்தக் குற்ற உணர்ச்சி.

சாயங்காலம் ஒரு புது பென்டிரைவோடு வந்தான். ஆபீஸ் மெஷினில் இலவசமாகக் கிடைக்கும் ஆண்டிவைரஸ் ஒன்றை இறக்கி அதில் வைத்திருந்தான். முதலில் இன்டர்நெட் வயரைக் கழற்றினான். "வெளியே இருந்து புதுசா எதுவும் வரக் கூடாது, உள்ள இருக்கறது வெளியே பேசவும் கூடாது" என்றான். பிறகு கம்ப்யூட்டரை சேஃப் மோடில் திறந்தான். அதாவது வேண்டாதது எதையும் எழுப்பாமல், உயிர் வாழத் தேவையானதை மட்டும் வைத்துத் திறப்பது. ஸ்கேன் போட்டான். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்துக்கொண்டு போனது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

நாற்பத்தாறு வைரஸ் என்று காட்டியது. எல்லாமே பாட்டு ஃபைல்களோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. எல்லாவற்றையும் அழித்தான். திரும்ப ஓட்டினால் சுத்தம் என்றது.

என் வீட்டுக்காரர் உட்கார்ந்து டைப் பண்ணினார்.

"ரீஸ்டார்ட்டுக்கு லைசென்ஸ் கொடுத்திடலாம் மேடம்."

குரல் நன்றாக இருந்தது. விளம்பரம் இல்லை. ஃபேன் இரைச்சலும் அடங்கிவிட்டது. மூன்று பேரும் அங்கேயே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தோம்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்போம்.

"கால் அசைக்க முடியல."

தம்பி நிமிர்ந்தான். "என்ன மாமா ஆச்சு காலுக்கு?"

என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். வலது கையில் சாப்பாடு. இடது கையில் தட்டு.

கீபோர்டு மேஜையில் தனியாகக் கிடந்தது.

"இன்னும் உள்ள இருக்கு" என்றான் தம்பி. சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் மறுபடி உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் திறக்கும்போதே தானாக எழுந்துகொள்ளும் புரோகிராம்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் பெயர் தெரியாத எல்லாவற்றையும் நிறுத்தினான். வேறொரு ஆண்டிவைரஸ் போட்டான். அது மூன்றைப் பிடித்தது. அதையும் அழித்தான்.

அதற்குப் பிறகும் பேசியது. ஆனால் மெதுவாக.

"கால்… அசைக்க…"

"பாத்தியாக்கா? சத்தம் குறையுது" என்று சந்தோஷப்பட்டான். "சாகுது."

சனிக்கிழமை எனக்குக் கடை அரை நாள். மூன்று மணிக்கு வீட்டில் இருந்தேன். நல்ல வெயில். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி வந்து கீபோர்டையும் மவுஸையும் கழற்றி எடுத்து மேஜைக்குக் கீழே வைத்திருந்தான். யாருடைய கையும் படக் கூடாது, அப்போது பேசுகிறதா பார்க்கலாம் என்றான்.

மூன்று பேரும் நாற்காலியைப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தோம். பெண் பார்க்கப் போனவர்கள் மாதிரி.

மூன்று இருபதுக்குப் பேசியது.

"நாலாவது மாடி. பச்சைக் கதவு. உள்ள… தாழ்ப்பாள் போட்டிருக்கு."

அவ்வளவுதான்.

பட்டப்பகலில் எனக்குக் கை மயிர் நின்றது. தம்பி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். "வாடகைக்கு வீடுன்னு விளம்பரம்க்கா. அடுத்தது தண்ணி வசதி உண்டா இல்லையான்னு சொல்லும் பாரு."

அவன் சிரித்ததில் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. எங்கள் தெருவில் மூன்று மாடிக்கு மேல் கட்டடமே கிடையாது. விளம்பரமாகத்தான் இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தலையணைக்கு அடியில் கிடந்த சிலேட்டைத் தேடி எடுத்து வந்தார். எழுதிக் காட்டினார்.

யாரோ கூப்பிடறாங்க.

"வைரஸ் கூப்பிடுது" என்றேன். "நீங்க பேசாம இருங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

தம்பி இன்னொரு வேலை செய்தான். கம்ப்யூட்டரையே எழுப்பாமல், வெளியிலிருந்து பென்டிரைவ் மூலமாகத் திறந்து, உள்ளே தூங்குவதைத் தூக்கத்திலேயே சுத்தம் பண்ணும் முறை. அதுவும் இலவசம்தான். ராத்திரி ஒன்பது வரைக்கும் ஓடியது. ஒன்றுமே பிடிபடவில்லை. துடைத்துவிட்ட மாதிரி சுத்தம் என்றது. "இனிமே சத்தம் வந்தா என்னை ரீஸ்டார்ட்னு கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கீபோர்டை மாட்டிவிட்டுச் சமையலறையில் படுக்கையை விரித்தான். அன்றைக்கு எங்கள் வீட்டிலேயே தங்கினான். நான்தான் தங்கச் சொன்னேன்.

பதினொன்றே காலுக்கு எனக்கு விழிப்பு வந்தது. கட்டிலில் அவர் இல்லை.

கூடத்தில் திரை வெளிச்சம். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒற்றை விரல்.

டக்… டக்… டக்…

"நீங்க யாரு?" என்றது கம்ப்யூட்டர்.

அது அவர் டைப் பண்ணியது. திரையில் பார்த்தேன், அந்த இரண்டு வார்த்தை இருந்தது.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காத்திருந்தார்.

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அதே குரல். கேள்வி கேட்ட அதே குரலே பதிலும் சொன்னது.

"என்னால பேச முடியாது."

திரையில் புதிதாக ஒரு எழுத்தும் வரவில்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் முகத்தில் பயம் இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

டக்… டக்… டக்…

"எங்க இருக்கீங்க?"

…

"குளியலறை."

…

"தரை… சில்லுன்னு…"

…

"விளக்கு… எரிஞ்சுகிட்டே இருக்கு…"

"போதும்!" என்று கத்தினேன்.

தம்பி எழுந்து ஓடி வந்தான். என் வீட்டுக்காரர் மறுபடி கீபோர்டுக்குக் கையைக் கொண்டுபோனார். நான் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்பீக்கர் வயரையும் பிடுங்கினேன்.

திரை அணைந்தது.

இருட்டு.

மூன்று பேரும் மூச்சு விடுகிற சத்தம்.

அப்புறம்…

டொக்.

டொக்.

டொக்.

பிளாஸ்டிக் மக்கைத் தரையில் தட்டுகிற மாதிரி. அவசரமில்லாத சத்தம். கொஞ்சம் தட்டும். நிற்கும். இளைப்பாறி மறுபடி தட்டும்.

ஸ்பீக்கர் என் கையில் இருந்தது.

வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் அதிலிருந்துதான் வந்தது.

என் உள்ளங்கையில் அதிர்ந்தது.

டொக்.

கீழே போட்டேன்.

விடியும் வரைக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் படுக்கையறையில் உட்கார்ந்திருந்தோம். நான்கு மணி வரை கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. அல்லது கேட்காத அளவுக்குக் குறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. முகம் கழுவியதும் தம்பியிடம் சொன்னேன்.

"அழிச்சிடு."

"அக்கா, மாமாவோட பேச்சு…"

"எல்லாத்தையும் அழிச்சிடு. இன்னொரு ராத்திரி என்னால முடியாது."

என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றார். வேண்டாம் என்று தலையாட்டினார். சிலேட்டில் ஏதோ எழுத ஆரம்பித்தார். நான் படிக்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் கையைப் பிடித்து இழுத்து, வாசல் பக்கம் காட்டினார். வெளியே போகலாம், போய்த் தேடலாம் என்கிறாரா? எங்கே போய், யாரைத் தேடுவது?

"எங்க போறது?" என்று அழுதேன். "சொல்லுங்க. எந்த ஊரு, எந்தத் தெரு? அது மெஷினுங்க."

அவர் கையை விட்டுவிட்டார்.

எல்லாவற்றையும் அழித்துப் புதுசாகப் போடும் சிடி ஒன்றைத் தம்பி ஆபீசிலிருந்து முன்பே எடுத்து வந்திருந்தான், அதைப் போட்டான். ஏற்கனவே இருப்பதை அழிக்கட்டுமா என்று கேட்டது. தம்பி என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்றேன். மணி பத்து நாற்பது.

ஒரு சதவீதம். ஐந்து. பன்னிரண்டு.

என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் வைக்கிற மாதிரி. கடைசி வரைக்கும் எடுக்கவில்லை.

தொண்ணூற்று எட்டில் கொஞ்ச நேரம் நின்றது. அவர் சட்டென்று காதைப் பெட்டியோடு சேர்த்து வைத்தார். என்ன கேட்டது என்று நான் கேட்கவில்லை. அவரும் எழுதிக் காட்டவில்லை.

நூறு.

கம்ப்யூட்டர் புதிது மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு வேகம். ஒரு காசு செலவில்லை. அதற்குப் பிறகு அது தானாகப் பேசவே இல்லை. என் வீட்டுக்காரரும்தான். சிலேட்டைத் தொடுவதில்லை. ஏதாவது வேண்டும் என்றால் இரண்டு முறை கைதட்டுவார். அதுவும் குறைந்துகொண்டே வந்தது. பகலில்கூடச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கழுத்து ஓட்டையில் வைத்திருக்கும் குழாயை மாற்ற வேண்டிய நாள். பேச்சுப் பயிற்சி அம்மா லீவு முடிந்து வந்திருந்தார். மகளுக்குப் பிரசவம், சிக்கலாகிவிட்டது, பத்து நாள் போனையே தொடவில்லை என்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"வைரஸ் வந்திடுச்சும்மா. அழிச்சிட்டோம். அந்தக் குரலும் போயிடுச்சு" என்றேன்.

"என்ன வைரஸ்?"

"தானாப் பேசிச்சு."

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். "என்ன பேசிச்சு?"

சொன்னேன். தண்ணி என்றது. கால் என்றது. நாலாவது மாடி, பச்சைக் கதவு. குளியலறை.

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் குரல் மெஷின் குரல் இல்லம்மா. ஒரு ஆளோடது. அவரும் எங்க பேஷன்ட்தான். உங்க வீட்டுக்காரருக்குச் செஞ்ச அதே ஆபரேஷன். குரல்வளையை எடுக்கறதுக்கு முன்னாடி இதே ரூம்ல ஒரு மாசம் வந்து உக்காந்து, நான் கொடுத்ததையெல்லாம் படிச்சுப் பதிவு பண்ணிக் கொடுத்தாரு. தன்னோட குரல் போனாலும் நாலு பேருக்கு உதவட்டும்னு சொன்னாரு. தனி ஆளு. கல்யாணம் காட்சி எதுவும் இல்ல."

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார்.

"இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"குளியலறையில வழுக்கி விழுந்திருக்காரு. இடுப்பு எலும்பு முறிஞ்சிடுச்சு. எழுந்திருக்க முடியல. கத்த முடியாதில்ல. நாலாவது மாடி. சுவருக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்கு, மேல ஆளு இருக்கு, கீழ ஆளு இருக்கு. ஒருத்தருக்கும் தெரியல. திங்கக்கிழமைதான் கதவை உடைச்சாங்க."

"எந்தத் திங்கக்கிழமை?"

அவர் சொன்னார். நாங்கள் அழித்ததற்கு மறுநாள்.

"விழுந்தது வியாழக்கிழமை சாயங்காலம்னு டாக்டர் சொன்னாரு. உடனே உயிர் போகல. மூணு நாளா உயிரோட கிடந்திருக்காரு. ஞாயித்துக்கிழமை காலையில, பத்துப் பதினொண்ணு மணி வாக்குல…"



நான் அதுவரை பேய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேய் இல்லை. வியாழக்கிழமை அவர் உயிரோடு இருந்தார். வெள்ளிக்கிழமை இருந்தார். நான் டம்ளரோடு நின்றபோது, தம்பி சிரித்தபோது, என் கையில் அது தட்டியபோது… எல்லா நேரமும் உயிரோடு இருந்தார்.

"வீடு எங்க?" என்று கேட்டேன்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற மஞ்சள் கட்டடம். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம்.

"அந்தப் பதிவு என்கிட்ட இருக்கு" என்றார் அந்த அம்மா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "வேணும்னா திரும்பப் போட்டுத் தர்றேன்."

என் வீட்டுக்காரர் எழுந்தார். வேண்டாம் என்றுகூடத் தலையாட்டவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

நானும் எழுந்தேன். அப்போதுதான் அந்த அம்மா தன் போனை எடுத்து என் பக்கம் நீட்டினார். அணைத்து வைத்திருந்த நாட்களில் வந்து குவிந்த மெசேஜ்கள். அந்தக் குரலை அவர் மொத்தம் ஏழு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். எங்களையும் சேர்த்து ஏழு. எல்லாம் இதே ஊரில்தான். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

மேடம், கம்ப்யூட்டர் தானாப் பேசுது, வைரஸ்னு நினைக்கிறோம். மேடம், அப்பா கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு. மேடம், புரோகிராமை எடுத்துட்டோம், இப்ப சரியாயிடுச்சு. மேடம், எங்க பையன் ஃபார்மட் பண்ணிட்டான், தொந்தரவுக்கு மன்னிக்கணும்…

மற்ற ஆறு வீட்டிலும் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையுமே சரிபண்ணிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அந்தக் குரல் மிச்சம் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான்.